யப்பானில் மிஷனரி இல்லங்கள்: 1859 – 1941

1549ஆம் ஆண்டு ககோஷிமாவிற் கரையிறங்கிய பிரான்சிஸ் சேவியரும் அவர் வழிவந்த யேசுசபைக் குருமாரும் துறவிகள். மனைவியும் மக்களுமற்ற சமயப் போதகர் யப்பானியருக்குப் புதியவரல்லர். அவர்கள் அறிந்திருந்த பௌத்த பிக்குகளும் அத்தகையோரே. இடையில் மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன. கிறித்தவம் தடைசெய்யப்பட்டு, விசுவாசிகள் கொல்லப்பட்டும் மறைந்தும் போயினர். 1858இல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி மறு ஆண்டு துறைமுகங்கள் திறக்கப்பட்டபோது அங்கு வந்துசேர்ந்த புரட்டஸ்தாந்து போதகர் வேறு வகையினராயிருந்தனர். அவர்களுள் மிகப் பலர் மனைவியரோடு வந்தனர். அவர்கள் பெட்டிகளில் வேதாகமத்தோடு தொட்டிற்றுணிகளும் சமையற் பாத்திரங்களும் இருந்தன. ஜோதோ ஷின்ஷு பிரிவினர் நீங்கலாக ஏனைய பிக்குகளுக்கு மணவாழ்வு சட்டப்படி விலக்கப்பட்டிருந்த ஒரு நாட்டிலே, மதகுரு ஒருவர் மனைவியுடன் வீதியில் நடந்து செல்வதே பார்ப்பவரை நிறுத்தும் காட்சியாயிருந்திருக்கும். (பிக்குகள் மணம்புரியவும் புலாலுண்ணவும் தடையில்லை என மெய்ஜி அரசு 1872இல் ஆணை பிறப்பித்தது. அதற்குரிய காரணங்கள் வேறு. மிஷனரிமாரின் முன்மாதிரியை அவற்றுள் ஒன்றாகக் கொள்ள இடமில்லை.)

யப்பானிய மிஷன் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் சபைகளையும் கல்லூரிகளையும் வேதாகம மொழிபெயர்ப்பையும் பற்றியே விரித்தெழுதினர். இல்லம் அவர்களுக்கு அடிக்குறிப்பாயிற்று. மிஷனரிமார் தாமோ அவ்வாறு கருதவில்லை. கணவனும் மனைவியும் ஒரு மேசையிலமர்ந்து உண்பதும், பிள்ளைகளோடு கூடிச் செபிப்பதும், மனைவி கல்வியறிவுடன் விருந்தினரை எதிர்கொள்வதும் மேடைப் பிரசங்கத்தினும் வலிய பிரசங்கம் என அவர்கள் நம்பினர். அந்த நம்பிக்கையில் உண்மையும் உண்டு. ஆயின் முன்மாதிரியாகக் காட்டப்பட்ட அக்குடும்பம் எத்தகைய பிரிவுகளின்மீது கட்டப்பட்டிருந்தது, அதன் விலையைச் செலுத்தியோர் யாவர் என்ற வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை.

முதலில் ஹெப்பேர்ன் குடும்பத்தை நோக்கலாம். வைத்தியரான ஜேம்ஸ் கேட்டிஸ் ஹெப்பேர்னும் மனைவி கிளாராவும் 1859 ஒக்டோபரிற் கனகாவாவை அடைந்தனர். அப்போது ஹெப்பேர்னுக்கு வயது நாற்பத்து நான்கு. இளமையில் இருவரும் சிங்கப்பூரிலும் சீனத்தின் அமோய் துறைமுகத்திலும் பணியாற்றி, நோயினால் தாயகம் திரும்பி, நியூயோர்க் நகரில் வைத்தியத்தொழிலாற் செல்வம் ஈட்டியவர்கள். அந்நகரிலே அவர்களுடைய ஆண்மக்கள் மூவர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். எஞ்சியவன் அமோயில் 1844இற் பிறந்த சாமுவேல் ஒருவனே. பதினைந்து வயதளவினனான அவனை அமெரிக்காவில் விட்டுவிட்டுத்தான் பெற்றோர் யப்பானுக்குக் கப்பலேறினர். மூன்று பிள்ளைகளைப் புதைத்த ஒரு தாய் நான்காமவனையும் பிரிந்து சென்றதை மிஷன் நூல்கள் தியாகம் என்ற ஒரு சொல்லாற் கடந்துவிடுகின்றன. கிளாரா அவ்வாறு கடந்துவிட்டதாகத் தெரியவில்லை. 1861இல் அவர் தனியே அமெரிக்காவுக்குத் திரும்பி மகனருகே இருந்துவிட்டு, 1863இலேயே மீண்டும் யப்பானுக்கு வந்தார். அக்காலமெல்லாம் ஹெப்பேர்ன் தனியே நோயாளரைப் பார்த்தும் சொற்களைத் தொகுத்தும் வாழ்ந்தார். 1867இல் வெளிவந்து யப்பானியமொழிக் கல்விக்கே அடித்தளமிட்ட யப்பானிய–ஆங்கில அகராதியின் வரலாற்றில் இத்தனிமைக்கும் ஒரு பங்குண்டு.

கனகாவாவில் அவர்களுக்குக் கிடைத்த முதல் வீடு ஜோபுத்சுஜி என்னும் பௌத்த கோயில். அதே கோயில் வளவிலேயே ஒல்லாந்துச் சீர்திருத்த சபையைச் சேர்ந்த சாமுவேல் ரொபின்ஸ் பிரவுணின் குடும்பமும் குடியேறியது. வேற்றுச் சமயத்தின் கோயிலைத் தன் இல்லமாக்கி, அங்கே அடுப்பும் கட்டிலும் அமைத்து, ஞாயிறுதோறும் அவ்விடத்திலேயே செபம் நடத்திய நிலை விநோதமானது. உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு அமெரிக்கர் தம் சமயத்தைத் தாம் அனுசரிக்க உரிமை தந்ததேயன்றி யப்பானியருக்குப் போதிக்க உரிமை தரவில்லை. ஆகவே போதகர்கள் செய்யக்கூடியனவாய் எஞ்சியவை மொழி கற்றல், நோய் தீர்த்தல், ஆங்கிலம் கற்பித்தல், குடும்பமாக வாழ்ந்து காட்டல் என்பனவே. கிறித்தவத்தைத் தடைசெய்யும் அறிவித்தற் பலகைகள் 1873இல் அகற்றப்படும்வரை, ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள், இல்லமே பிரதான ஊழியக் களமாயிருந்தது எனலாம்.

அந்த இல்லத்தைப் பாதுகாத்தது உடன்படிக்கை. யப்பானியக் குடும்பங்களுக்கு அப்பாதுகாப்பு இருக்கவில்லை. நாகசாக்கிக்கு அண்மையிலுள்ள உரகாமிக் கிராமத்தில் தலைமுறைகளாக மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் 1868 முதல் பல பிரதேசங்களுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்களுள் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோபேயில் ஓரமெல் குலிக் என்னும் அமெரிக்க மிஷனரிக்கு மொழி கற்பித்த இச்சிகாவா ஐனொசுகேயும் அவர் மனைவியும் 1871இற் கைதுசெய்யப்பட்டனர். ஐனொசுகே மறு ஆண்டு சிறையிலேயே மாண்டார். குலிக்கின் வீட்டிற் பாடம் நடந்த அறையில் அமர்ந்திருந்த இருவருள் ஒருவர் பாதுகாப்பாயிருக்க மற்றவர் சிறையில் இறந்தார் என்பதை, மிஷனரி இல்லத்தின் இனிமையைப் பாடுவோர் மறத்தலாகாது. 1865இல் ஜேம்ஸ் பல்லாவிடம் ஞானஸ்நானம் பெற்ற யானோ என்னும் மொழியாசிரியர் மரணப் படுக்கையிலிருந்தார். குடும்பத்தாரின் சம்மதத்தைப் பெற்ற பின்னரே அச்சடங்கு நடந்தது. யப்பானியக் குடும்பத்தில் மதமாற்றம் தனியொருவரின் உள்ளத்து முடிவாக அமையவில்லை. வீட்டாரனைவரையும் ஆபத்துக்குள்ளாக்கக்கூடிய செயலாயிருந்தது.

நாகசாக்கியில் 1859 நவம்பரில் இறங்கியவர் கைடோ வேர்பெக். ஒல்லாந்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர். மனைவி மரியா சில வாரங்களின் பின் வந்துசேர்ந்தார். 1860 ஜனவரியில் அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. எம்மா யப்போனிக்கா எனப் பெயரிட்டனர். பெற்றோர் குடியேறிய நாடே பிள்ளையின் பெயராயிற்று. இரு வாரங்களில் அக்குழந்தை இறந்தது. பின்னர் பிறந்த மற்றொரு மகளுக்கும் அவர்கள் அதே பெயரையே இட்டனர். பிற்காலத்தில் மெய்ஜி அரசின் தலைவர்களாக விளங்கிய ஒகுமா ஷிகெனொபு, சொயெஜிமா தனெயோமி ஆகியோர் நாகசாக்கியில் வேர்பெக்கிடம் பாடங்கேட்டவர்கள். அவர்களுடைய ஆசிரியரின் குடும்பமோ எந்த நாட்டுக்கும் உரியதாயிருக்கவில்லை. ஒல்லாந்துக் குடியுரிமையை அவர் இழந்திருந்தார். அமெரிக்கக் குடியுரிமையையும் பெறவில்லை. ஈற்றில் 1891இல் யப்பானிய அரசு அவருக்கும் குடும்பத்தினருக்கும் நாடெங்கும் சென்று தங்குவதற்கு ஒரு சிறப்பு அனுமதிப் பத்திரம் வழங்கியது. பிற அந்நியர் துறைமுகத்தைச் சூழ்ந்த பத்து ரீ, அதாவது ஏறத்தாழ 40 கிலோமீற்றர், எல்லைக்கு அப்பாற் செல்லத் தனியனுமதி வேண்டிய காலம் அது. அந்நிலை 1899இலேயே ஒழிந்தது. 1898இல் தோக்கியோவில் இறந்த வேர்பெக் அந்நகரின் அவோயாமா மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

இனி மனைவியரின் நிலையை நோக்குவாம். மிஷன் சங்கங்கள் சம்பளத்தைக் கணவனுக்கே வழங்கின. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப மேற்படி தந்தன. மனைவி செய்த வேலைக்குத் தனிக் கணக்கில்லை. எனினும் யப்பானில் எழுந்த புகழ்பெற்ற கிறித்தவக் கல்விக்கூடங்கள் சிலவற்றின் மூலத்தைத் தேடிச் செல்வோர் ஒரு மனைவியின் வீட்டறைக்கே வந்துசேர்கின்றனர். 1863இல் யோக்கோகாமாவில் கிளாரா ஹெப்பேர்ன் தம் வீட்டிலே சில மாணவருக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கில–யப்பானிய நட்புறவு ஒப்பந்தத்தில் 1902இற் கையொப்பமிட்ட ஹயாஷி தடசு அங்கே பயின்றவர். 1921இற் பிரதமரான தகஹாஷி கொரெகியோ சிறுவனாக யோக்கோகாமாவின் மிஷனரி மனைவியரிடம் ஆங்கிலங் கற்றவர். அவ்வகுப்பின் வழியில் ஒருபுறம் மெய்ஜி கக்குயின் கல்லூரியும், மறுபுறம் பெண்களுக்கான பெரிஸ் கல்லூரியும் தோன்றின. கல்லூரி வரலாறுகளில் கணவரின் பெயர் பெரிதாகவும் மனைவியின் பெயர் சிறிதாகவும் எழுதப்படுவதை இங்கு சுட்டிச் செல்வதோடு அமையலாம்.

கிளாராவின் வகுப்பை 1870இல் ஏற்றவர் மேரி கிடர். அவர் மணமாகாதவராக யப்பானுக்கு வந்தவர். 1873இல், முப்பத்தொன்பதாம் வயதில், தம்மினும் ஒன்பதாண்டு இளையவரான ரொதெசே மில்லரை மணந்தார். வேறு சபைக்குரியவரை மணக்கும் பெண் கணவனின் மிஷனுக்கு மாறுவதே வழக்கம். மேரி தம் பாடசாலையை விடவில்லை; மில்லரே தம் சங்கத்தை விட்டு மனைவியின் சங்கத்திற் சேர்ந்தார். ‘கணவனுக்குக் கீழ்ப்படியும் கிறித்தவ மனைவி’ என்று மேடையிற் போதிக்கப்பட்டதும் மிஷனரி வீடுகளில் நடந்ததும் எப்போதும் ஒன்றாயிருக்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

மேரி கிடரின் பாடசாலைக்கு 1871இல் ஏழு வயதுச் சிறுமியொருத்தி வந்தாள். அயிசுப் பிரதேசத்துச் சமுராய்க் குடும்பத்திற் பிறந்து, போரினாற் குடும்பஞ் சிதறி, தாயை இழந்து, யோக்கோகாமா வணிகரொருவரின் வளர்ப்பு மகளானவள். பெரிஸ் கல்லூரியிலேயே வளர்ந்து 1882இல் அதன் முதற் பட்டதாரியாகி, அங்கேயே ஆசிரியையுமானாள். வாகமத்சு ஷிசுகோ என்ற புனைபெயரால் யப்பானிய இலக்கிய வரலாறு அறியும் பெண்மணி இவரே. 1889இல் அவர் மணந்துகொண்ட இவமோத்தோ யொஷிஹரு, 1885இல் தொடங்கிய ‘ஜோகக்கு சஸ்ஷி’ என்னும் பெண்கல்விச் சஞ்சிகையை நடத்தியவர். அச்சஞ்சிகையின் பக்கங்களில்தான் ‘ஹோமு’ என்ற சொல் யப்பானிய எழுத்திற் பெருவழக்குப் பெற்றது. ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்தாள நேர்ந்தமைக்குக் காரணமுண்டு. யப்பானிய மொழியில் ‘இயே’ என்பது வீட்டையும், வழிவழி வரும் குலத்தையும், அதன் சொத்தையும் பெயரையும் ஒருங்கே குறிக்கும். அதிற் கணவனும் மனைவியும் அன்பினாற் பிணைந்த இருவர் என்ற கருத்துக்கு முதன்மையில்லை. மாமன் மாமிக்குப் பணிசெய்ய வந்தவளே மருமகள். யப்பானில் வீடுண்டு, இல்லறத்தின் இனிமையில்லை என்ற கருத்துப்பட 1888இல் இவமோத்தோ எழுதினார். பேர்னற் அம்மையாரின் ஆங்கிலச் சிறுவர் கதையொன்றை ஷிசுகோ 1890 முதல் தொடராக மொழிபெயர்த்தபோது, இல்லத்திலே குழந்தைக்குரிய இடத்தைக் காட்டுவதையே நோக்கமாகக் கொண்டார். 1896இல், முப்பத்தோராம் வயதில், நோயினால் இறந்தார். இரு ஆண்டுகளின் பின் 1898இல் நடைமுறைக்கு வந்த குடியியற் சட்டக்கோவையின் குடும்பப் பகுதி, குடும்பத் தலைவனின் அதிகாரத்தையும் ‘இயே’ முறையையும் சட்டமாக்கியது. மனைவியின் சட்டநிலை அதிலே தாழ்வாகவே வரையறுக்கப்பட்டது. ‘ஹோமு’ சஞ்சிகைகளில் வாழ்ந்தது. ‘இயே’ நீதிமன்றங்களில் ஆண்டது. இரண்டாவது 1947இன் சட்டத்திருத்தம்வரை நிலைத்தது.

இவமோத்தோவும் அவர்போன்றோரும் கண்டு வியந்த மிஷனரி இல்லம் அமெரிக்கச் சாதாரணக் குடும்பத்தின் நேர்ப் பிரதியன்று. சமையற்காரர், குழந்தை பார்க்கும் ஆயா, வாயிற்காவலர், மொழியாசிரியர் எனப் பல யப்பானியரின் உழைப்பினால் அது இயங்கியது. தாயகத்தில் ஓர் எளிய கிராமப் போதகரின் மனைவிக்கு இத்தனை பணியாளர் கனவிலும் கிடைத்திரார். மனைவி வகுப்பெடுக்கவும் விருந்தோம்பவும் ஓய்வு பெற்றது ஆயாவின் உழைப்பினாலேயே. ஆயாவின் மொழியே பிள்ளைகளின் முதல்மொழியாகவும் அமைந்தது. பெற்றோர் ஆண்டுக்கணக்காகப் பாடுபட்டுக் கற்ற மொழியைப் பிள்ளைகள் சமையலறையிற் சிரமமின்றிக் கற்றனர்.

அப்பிள்ளைகளின் கதையே இவ்வரலாற்றின் துயர்மிக்க பகுதி. சிறுபராயத்திலே தாயே வீட்டில் எழுத்தறிவித்தாள். பதின்மூன்று, பதினான்கு வயதில் அவர்களை அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ அனுப்பிவிடுவது வழக்கம். உறவினர் வீடுகளிலும், மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஓபேண்டேலில் இருந்த வோக்கர் இல்லம் போன்ற மிஷனரிப் பிள்ளைகளுக்கான விடுதிகளிலும் அவர்கள் தங்கினர். ஐந்தாறு ஆண்டுகளுக்கொருமுறை வரும் விடுமுறையில் மட்டுமே பெற்றோரைக் கண்டனர். தம் பிள்ளையைக் கடல்கடந்து அனுப்பிவிட்டு, பிறர் பிள்ளைகளை விடுதியில் வைத்து வளர்த்த தாய்மார் பலர். வாகமத்சு ஷிசுகோ போன்றோருக்குத் தாய்வீடாக அமைந்த அதே மிஷன், மிஷனரிமாரின் பிள்ளைகளுக்குத் தாய்வீட்டை மறுத்தது. இம்முரணை அக்கால மிஷன் சங்கங்கள் கண்டும் காணாதவைபோல் இருந்தன என்றே கூறவேண்டும்.

யாழ்ப்பாணத்தவருக்கு இவ்வழக்கம் அந்நியமானதன்று. 1816இல் யாழ்ப்பாணத்திற் பணிதொடங்கிய அமெரிக்க மிஷன் சங்கமே 1869இல் டானியல் குரோஸ்பி கிறீனை யப்பானுக்கு அனுப்பியது. 1822இல் பண்டத்தரிப்பிற் பிறந்த ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் சிறுவனாகவே அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர். பின்னர் தமிழகத்தில் ஆர்க்காட்டு மிஷனை நிறுவியவருள் ஒருவராகித் தமிழில் நூல்களும் எழுதினார். அவர் தம் அறுபத்தைந்தாவது வயதில், 1887இல், மகன் டொரீமஸ் மிஷனரியாகப் பணிபுரிந்த நீகாத்தா நகருக்குச் சென்று சில காலம் ஊழியஞ் செய்தார். பண்டத்தரிப்பிலிருந்து நீகாத்தாவரை மூன்று தலைமுறைகளாக ஒரே குடும்பம் ஒரே வகைப் பிரிவுகளை அனுபவித்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை சற்று மாறிற்று. 1902இல் தோக்கியோவில் அமெரிக்கப் பாடசாலையும், 1913இல் கோபேயில் கனேடியப் பாடசாலையும் நிறுவப்பட்டன. பிள்ளைகள் பல்கலைக்கழக வயதுவரை நாட்டிலேயே தங்க வழி பிறந்தது. கோடைகாலத்தில் குடும்பங்கள் கருயிசாவா மலையூரிற் கூடின. கனடாவிற் பிறந்த அங்கிலிக்கன் குருவான அலெக்சாண்டர் குரொப்ட் ஷா 1888இல் அங்கு கோடைவீடு அமைத்ததன் பின், சிதைந்து கிடந்த அந்தப் பழைய வழிச்சத்திர ஊர் மிஷனரிக் குடியிருப்பாயிற்று. நகரத்து வெப்பத்திலிருந்தும் தொற்றுநோயிலிருந்தும் தப்பவே அவர்கள் அங்கு சென்றனர் என்பது உண்மை. ஆனால் அக்குடியிருப்பு நாளடைவில் யப்பானியரின்றி யப்பானில் வாழும் ஓரிடமாகவும் மாறியது. ஆண்டு முழுவதும் யப்பானியரிடையே வாழ்வதாகக் கூறிக்கொண்டோர் இரு மாதங்கள் தமக்குள்ளேயே டென்னிசும் செபக்கூட்டமுமாக இருந்தனர்.

அக்கருயிசாவாவில் 1909இற் பிறந்தவர் ஹேர்பேட் நோர்மன். தந்தை டானியல் நோர்மன், நாகனோவில் நெடுங்காலம் உழைத்த கனேடிய மெதடிஸ்த மிஷனரி. மகன் கோபேயின் கனேடியப் பாடசாலையிற் பயின்று, பின்னர் மார்க்சியத்தின்பால் ஈர்க்கப்பட்டு, 1940இல் மெய்ஜி அரசின் தோற்றம் பற்றிய தம் புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார். யப்பானிய நவீனத்துவத்தின் அடியில் விவசாயிகளின் துன்பத்தையும் அதிகார வர்க்கத்தின் தொடர்ச்சியையும் அவர் கண்டார். 1910இல் தோக்கியோவின் மெய்ஜி கக்குயின் வளவிற் பிறந்த மற்றொரு மிஷனரி மகன் எட்வின் றைஷவர். 1961 முதல் 1966 வரை அமெரிக்கத் தூதுவராயிருந்த அவர், யப்பானின் நவீனமயமாக்கத்தை வெற்றிக்கதையாக எடுத்துரைத்தவர். இவ்விருவரின் நோக்குகள் முரண்பட்டன. அம்முரண் யப்பானிய வரலாற்றியலின் பெரு விவாதங்களுள் ஒன்றாயிற்று. ஆயினும் நூல்களைப் படிக்குமுன்னரே வீட்டுப் பணியாளரின் பேச்சினூடாக அந்நாட்டை அறிந்தவர்கள் இருவரும். தந்தையரின் சமய நோக்கத்தை மைந்தர் கைவிட்டனர். தந்தையர் தந்த நாட்டை அவர்களாற் கைவிட முடியவில்லை. நோர்மன் தம் இளமைக்கால இடதுசாரித் தொடர்புகளுக்காக அமெரிக்க மூதவைக் குழுவினராற் குற்றஞ்சாட்டப்பட்டு, 1957 ஏப்பிரலிற் கெய்ரோவில் தம்முயிரை மாய்த்துக்கொண்டார்.

1940 ஒக்டோபரில் அமெரிக்க அரசு தன் குடிமக்களை, முதன்மையாகப் பெண்களையும் குழந்தைகளையும், கீழைத்தேயங்களிலிருந்து வெளியேறுமாறு அறிவுறுத்தியது. குடும்பமாக வந்தோர் மீண்டும் பிரிந்து கப்பலேறினர். மறு ஆண்டு இறுதியிற் போர் மூண்டபோது யப்பானில் எஞ்சியிருந்த மிஷனரிமார் மிகச் சிலரே. வீடுகள் பூட்டப்பட்டன, பல குண்டுவீச்சில் எரிந்தன.

எட்வினின் பெற்றோரான ஒகஸ்ட் கார்ல் றைஷவரும் ஹெலனும் 1905இல் யப்பானுக்கு வந்தவர்கள். தந்தை பௌத்த ஆராய்ச்சியிற் புகழ்பெற்றவர். 1918இல் தோக்கியோ மகளிர் கிறித்தவக் கல்லூரி தோன்ற உழைத்தவர். அவர்களுடைய மகள் செவிப்புலனற்றவள். பிள்ளைக்குப் பேச்சு கற்பிக்கும் வழியைத் தேடிய பெற்றோர் அமெரிக்காவில் அதற்கான வாய்மொழிப் பயிற்சிமுறையை அறிந்தனர். அம்முறையிற் கற்பிக்கும் பாடசாலை அக்காலத்தில் யப்பானில் இருக்கவில்லை. இவ்வயதிலே பிற மிஷனரிமார் செய்ததுபோலப் பிள்ளையைக் கடல்கடந்து அனுப்பிவிட்டுத் தம் பணியைத் தொடர்ந்திருக்கலாம். அவர்களோ தம் வீட்டின் துயரை அண்டை வீடுகளின் துயரோடு சேர்த்து எண்ணினர். லோயிஸ் கிறேமர் என்னும் மிஷனரிப் பெண்மணியுடன் சேர்ந்து 1920இல் தோக்கியோவில் யப்பானியச் செவிப்புலனற்ற குழந்தைகளுக்கான பாடசாலையொன்றைத் தொடங்கினர். நிஹோன் ரோவா கக்கோ எனப்படும் அப்பாடசாலை தோக்கியோ மாநகரின் மாச்சிதாப் பகுதியில் இன்றும் நடைபெற்று வருகிறது.